மணலில் வறுத்த காபிக்கொட்டை: நிறம் பிரமாதம், மணல்தான் போக மாட்டேன் என்கிறது

மணல்சட்டி (சேலம்):

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே காபிக்கொட்டை வறுக்கிறவர்கள் இங்கே பல பேர் இருப்பதால் கேட்கிறேன். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் 31 வருஷம் கடலையும் பட்டாணியும் வறுத்து விற்றவர். முட்டி வலி அதிகமானதால் 2 வருஷத்துக்கு முன் கடையை மூடினோம். அந்தப் பெரிய இரும்புச் சட்டி, சல்லடை, நீளக் காம்புக் கரண்டி எல்லாம் பின்கட்டில் சாக்கு போட்டு மூடிக் கிடந்தன. எங்கள் தெருவில் ஒருவர் ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிறார். போன மாதம் அவர் மூலமாக 2 கிலோ பச்சைக் காபிக்கொட்டை வாங்கினேன். பிளாண்டேஷன் ஏ ரகம், அதாவது பழத்தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த கொட்டை.

முதலில் எல்லோரையும் போல வாணலியில்தான் வறுத்தேன். கை ஓயாமல் கிளறியும் பாதி கருகல், பாதி வெளிர். கொட்டையின் ஒரு பக்கம் தட்டை என்பதால் அந்தப் பக்கமே சட்டியில் படிந்துகொள்கிறது. கிளறினாலும் திரும்ப அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் இத வெறுஞ்சட்டியில போட்டு வதைக்கிற? மணல்ல போடு" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கடையில் இருந்த பழைய மணலைத் தொடவில்லை. அதில் இத்தனை வருஷக் கடலை எண்ணெய் ஊறியிருக்கிறது, வாசம் காபியில் ஏறிவிடும். அப்பா எப்போதோ வாங்கி மூட்டை கட்டி வைத்திருந்த ஆற்று மணல் கொஞ்சம் இருந்தது. தண்ணீர் தெளியும்வரை ஏழு முறை கழுவி, வெயிலில் காயவைத்து, சலித்து, 2 மணி நேரம் வெறும் மணலாகவே வறுத்தோம். புது மணலை இப்படித்தான் பழக்க வேண்டும் என்றார்.

3 கிலோ மணல், 200 கிராம் கொட்டை. சூடு பார்ப்பதற்கு அப்பாவிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நாலு பட்டாணியைப் போட்டுப் பத்து எண்ணுவார், அதற்குள் துள்ள வேண்டும். துள்ளிய நேரத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நீட்டினேன், 240 டிகிரி காட்டியது. கொட்டையைப் போட்ட மூன்றரை நிமிஷத்தில் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. நிறத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு கொட்டைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் ஒன்றைக் கடித்துப் பார்த்தால் உள்ளே வெளிர் மஞ்சள். டிகாஷனில் புளிப்பும் பச்சைப் பயறு வாடையும்.

அடுத்த முறை மணலை 200 டிகிரியில் வைத்துக் கொட்டையைப் போட்டு, அப்புறம் விறகைத் தள்ளி மெல்ல மெல்ல ஏற்றினோம். 9 நிமிஷம். உள்ளும் புறமும் ஒரே நிறம். பிரச்சினை அதற்குப் பிறகுதான். கொட்டையின் நடுவில் ஒரு கோடு ஓடுகிறதே, அந்தப் பிளவுக்குள் மணல் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூன்று தடவை சலித்தேன், பழைய வேட்டியில் கொட்டிக் கட்டித் தேய்த்தேன், முறத்தில் புடைத்தேன். அதன் பிறகும் 20 கொட்டையை எடுத்து ஊக்கால் நோண்டிப் பார்த்தால் ஒரு சிட்டிகை மணல் சேர்ந்தது. காபி அரைக்கும் மிஷினில் போடப் பயந்து இடிகல்லில் இடித்து ஃபில்டரில் போட்டேன். டிகாஷனில் மணல் இறங்கவில்லை. ஆனால் ஃபில்டரைக் கழுவும்போது அடித்தட்டில் நறநறவென்று கை உணர்ந்தது.

காபி என்னவோ நான் குடித்ததிலேயே நல்ல காபி. அதனால்தான் விட மனசு வரவில்லை. மணல் ஒட்டாமல் இருக்க ஏதாவது வழி உண்டா? மணலுக்குப் பதில் உப்பில் வறுத்தவர்கள் இருக்கிறீர்களா? வழக்கமில்லாத முறை வேறு எது செய்து பார்த்திருந்தாலும் சொல்லுங்கள். சரிவராமல் போனதையும் சொல்லுங்கள், அதுவும் உதவும்.

கீழ்மலைக்காரன் (தாண்டிக்குடி):

தம்பி, முதலில் ஒன்று. மிஷினில் போடாமல் இடித்தீர்களே, அது மிகச் சரி. அரைக்கும் பல்லில் இரண்டு மணல் மாட்டினால் போதும், அந்தப் பல் முடிந்தது.

கடலைக்கும் பட்டாணிக்கும் மணல் ஒட்டாததற்குக் காரணம் அவற்றின் வழவழப்பு. காபிக்கொட்டை அப்படியில்லை. அது உள்பக்கம் சுருண்டு மடிந்த விதை. நீங்கள் கோடு என்று சொல்வது அந்த மடிப்பின் வாய். பச்சையாக இருக்கும்போது மடிப்பு இறுக்கமாக இருக்கும், உள்ளே வெள்ளித்தோல் என்கிற மெல்லிய சவ்வு இருக்கும். வறுக்கும்போது கொட்டை ஒன்றரை மடங்குக்கு மேல் பருக்கிறது, மடிப்பு வாய் திறக்கிறது. அந்த நேரத்தில் சுற்றிலும் மணல் இருந்தால் உள்ளே போகாமல் என்ன செய்யும்? உள்ளே சுருண்ட தோல் அதைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். எத்தனை சலித்தாலும் முழுதாகப் போகாது.

உப்பு வேண்டாம். நான் கல் உப்பில் செய்து பார்த்தேன். சூடேறியதும் உப்பே படபடவென்று வெடித்துத் தூளாகிவிட்டது. அந்தத் தூள் மடிப்புக்குள் இறங்கி டிகாஷன் உப்புக் கரித்தது. மிஷினுக்குள் உப்பு போனால் துரு வேறு பிடிக்கும்.

மணலை விட வேண்டியதில்லை, மணல் கொட்டையைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சூடான மணலுக்குள் ஒரு பாத்திரத்தைக் கழுத்து வரை புதையுங்கள், கொட்டை பாத்திரத்துக்குள் இருக்கட்டும். துருக்கியில் சிறு கைப்பிடிப் பாத்திரத்தைச் சூடான மணலில் வைத்துக் காபி காய்ச்சுகிறார்கள், அதே ஏற்பாடுதான். அடியில் மட்டும் அடிக்கிற சூடு சுற்றுச்சுவர் எல்லாவற்றிலும் பரவிவிடும்.

பாத்திரம் எது என்பதில் கவனம். ஈயம் பூசிய பித்தளை கூடவே கூடாது. பூச்சுக்குப் பயன்படும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், நீங்கள் அதைத் தாண்டப் போகிறீர்கள். நான்ஸ்டிக்கும் வேண்டாம், வெறும் பாத்திரமாகச் சூடேறினால் அதன் பூச்சு புகைந்து கெடும். மண்சட்டி அல்லது கனமான இரும்பு நல்லது. குக்கரில் மூடி போட்டு வறுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆவியும் புகையும் வெளியே போயாக வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் வெடிப்பு கொட்டையின் சூடு 196 முதல் 205 டிகிரிக்குள் இருக்கும்போது வரும், சோளம் பொரிகிற மாதிரி சத்தம். இரண்டாம் வெடிப்பு 224க்கு மேல். கடுகு தாளிக்கிற மாதிரி சன்னமாக, அடுத்தடுத்துக் கேட்கும். மொத்தம் 10 முதல் 15 நிமிஷத்தில் முடியும்படி தீயை வையுங்கள். மூன்றரை நிமிஷத்தில் வெடித்தால் உள்ளே வேகாது, அதைப் பார்த்துவிட்டீர்கள். 20 நிமிஷத்துக்கு மேல் இழுத்தால் நிறம் வரும், ருசி செத்துப்போகும். வறுப்பதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும், அது போக இன்னும் கொஞ்சம் குறையும். 100 கிராம் போட்டு 84, 85 கிராம் வந்தால் ஃபில்டர் காபிக்கு எனக்குப் பிடித்த பதம்.

மொட்டைமாடி ரோஸ்டர் (கோவை):

நான் பாப்கார்ன் மிஷினில் வறுக்கிறேன். சூடான காற்று ஊதுகிற வகை. 80 கிராம் போட்டால் 6 நிமிஷம். காற்றே கொட்டையைச் சுழற்றுவதால் கிளற வேண்டாம், தோலும் தானாகப் பறந்துவிடும். வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். காற்று பக்கச் சுவரின் கீறல்கள் வழியாக வர வேண்டும். அடியில் வலை வைத்த வகையில் தோல் கீழே விழுந்து கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கும்.

குறையும் உண்டு. 14வது தடவையில் என் முதல் மிஷினின் ஃபியூஸ் போய்விட்டது. பாப்கார்னுக்கு 3 நிமிஷம் ஓடச் செய்ததை நாம் இரு மடங்கு நேரம் ஓட்டுகிறோம், அது என்ன செய்யும். இன்னொன்று மின்சாரம். மாலை 7 மணிக்கு எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும், அப்போது எத்தனை நிமிஷம் ஓட்டினாலும் முதல் வெடிப்பே வராது. அதனால் காலை 6 மணிக்கே மாடிக்குப் போய்விடுவேன். பக்கத்து வீட்டு அக்கா வடாம் பிழிந்து காயப்போட்டிருந்த நாளில் வறுத்து, தோலெல்லாம் அதன்மேல் போய் ஒட்டி, மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சிப் பெண்:

தம்பி, எங்கட வீட்டில் இன்றைக்கும் இரும்புத் தாச்சியில்தான் கோப்பி வறுக்கிறோம். ஒரே நிறமாக வர வேண்டும் என்று நீங்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கருத்த கொட்டை கசப்பைத் தரும், வெளிறினது வாசத்தைத் தரும். இரண்டும் கலந்து வந்தால்தான் எங்களுக்கு அது கோப்பி. எத்தியோப்பியாவில், கோப்பி பிறந்த நாட்டில், இன்றைக்கும் வீட்டுப் பெண்கள் விருந்தாளிக்கு முன்னால் தட்டையான சட்டியைக் கரி அடுப்பில் வைத்துத்தான் வறுக்கிறார்கள்.

எங்களுக்குக் கொட்டை கண்டிப் பக்கமிருந்து வரும். ஒரு காலத்தில் இலங்கை மலையெல்லாம் கோப்பித் தோட்டம். 1869ல் இலைத்துரு நோய் கண்ட பிறகு தோட்டக்காரர் தேயிலைக்கு மாறிவிட்டார்கள், வீட்டு வளவுகளில் நின்ற மரங்கள் மிஞ்சின. எனக்கு வருவதும் அப்படி ஒரு வீட்டு வளவுக் கொட்டைதான். சிறிசும் பெரிசுமாக இருக்கும், அதில் ஒரே நிறத்தை எதிர்பார்க்கவே ஏலாது.

முதலில் கோப்பியைத் தனியாக வறுக்க வேண்டும். விறகை இழுத்துவிட்டுத் தணலில் வைத்து, தாச்சியின் அடியைத் தொட்டுத் தொட்டுப் பிரட்ட வேண்டும். கோப்பியைச் சுளகில் கொட்டியதும் அந்தத் தாச்சிச் சூட்டிலேயே கொத்தமல்லியைப் போடுங்கள். அடுப்பில் திரும்ப வைக்க வேண்டாம், மல்லி உடனே கருகிவிடும். வேர்க்கொம்பையும் அந்தச் சூட்டிலேயே ஒரு பிரட்டுப் பிரட்டி எடுத்து, ஆறின பிறகு எல்லாவற்றையும் உரலில் இடித்து அரிதட்டில் அரிக்க வேண்டும். மழைக்காலத்தில் பின்னேரம் ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள், தடிமன் (ஜலதோஷம்) வருகிற அறிகுறி இருந்தால் அப்படியே ஓடிவிடும் என்று அம்மா சொல்லுவா.

ஈப்போ கோப்பி (மலேசியா):

வணக்கம். இங்கே எங்கள் ஊர்க் கோப்பிக் கடைகளுக்கு வறுக்கும் முறை முற்றிலும் வேறு. கொட்டை கறுக்கும் நேரத்தில் சீனியும் மார்ஜரினும் போடுவார்கள். சீனி உருகி, கரிந்து, கொட்டைமேல் கறுப்பாகப் பூசிக்கொள்ளும். கட்டி கட்டியாக ஆறும், அதை உடைத்துத்தான் அரைப்பார்கள். பால் சேர்க்காத ‘கோப்பி ஓ’வின் அந்தக் கறுப்பும் கெட்டியும் இதனால் வருவது. எங்கள் ஈப்போவின் வெள்ளைக் கோப்பியில் சீனி போடாமல் மார்ஜரின் மட்டும் சேர்த்து வறுப்பார்கள், அதனால் நிறம் கொஞ்சம் வெளிர்.

நான் வீட்டுச் சட்டியில் ஒரு தடவை செய்து பார்த்தேன். 250 கிராம் கொட்டைக்கு 2 மேசைக்கரண்டி சீனி. ருசி வந்தது. ஆனால் சட்டியைத் தேய்க்க 2 நாள் ஆனது. மிஷினிலும் அந்தச் சீனிப் பூச்சு பிசினாக ஒட்டும். செய்வதென்றால் அதற்கென்றே ஒரு பழைய சட்டியும் ஒரு பழைய மிஷினும் ஒதுக்கிவிடுங்கள். மண்சட்டியில் செய்ய வேண்டாம், மண் சீனியைக் குடித்துவிடும்.

மணல்சட்டி (சேலம்):

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கீழ்மலை அண்ணா, மடிப்பு வாய் திறக்கும் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒரு பச்சைக் கொட்டையையும் வறுத்ததையும் இரண்டு கையிலும் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் "சட்டிக்குள்ள சட்டி வைக்கலாம்" என்று எழுந்தார். செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மணல்சட்டி (சேலம்), இரண்டு வாரம் கழித்து:

செய்தாயிற்று. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் மண்சட்டி விரிசல் விட்டுவிட்டது. அவசரத்தில் கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கே சூடான மணலில் புதைத்ததுதான் தப்பு. எட்டாவது நிமிஷம் பக்கச் சுவரில் 'டிக்' என்று சத்தம், மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. இரண்டாவது சட்டியை ஒரு நாள் முழுக்க அரிசி கழுநீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, மறுநாள் மணலோடு சேர்த்தே சிறு தீயில் ஏற்றினோம். இதுவரை 6 தடவை ஆகிவிட்டது, சட்டி உறுதியாக இருக்கிறது.

இப்போது நாங்கள் செய்கிற கணக்கு இது. மணலின் மேல்பரப்பு 290 டிகிரி காட்டும்வரை காத்திருக்கிறோம், சட்டி கழுத்து வரை உள்ளே இருக்கும். 180 கிராம் கொட்டை. ஐந்தாவது நிமிஷம் மஞ்சள் நிறம், நனைந்த வைக்கோல் வாசம். எட்டாவது நிமிஷம் பழுப்பு, தோசை முறுகுகிற மாதிரி ஒரு வாசம். பதினோராவது நிமிஷம் முதல் வெடிப்பு. பதின்மூன்றில் எடுத்துவிடுகிறோம். எடை 152 கிராம் வந்தது, அண்ணா சொன்ன பதத்துக்கு மிகப் பக்கம். மணலில் நேராகப் போட்டு வந்த அந்த அச்சு அசலான ஒரே நிறம் இதில் இல்லை. ஆனால் வாணலியைவிட எவ்வளவோ சீர், ஒரு மணல்கூட இல்லை.

கிளறுவது அப்பாதான். நான் கிளறினால் கொட்டையை வட்டமாகச் சுற்றிவிடுகிறேன். அவர் கரண்டியைச் சுவரோரமாக இறக்கி, அடியைத் தொட்டு, நடுவில் தூக்கி விடுகிறார். கீழே இருந்தது மேலே, மேலே இருந்தது ஓரத்தில். கை வேகமே இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. நான் கையில் டைமரும் தெர்மாமீட்டருமாக நிற்பேன். மூன்றாவது தடவை வறுக்கும்போது அவர் சட்டியைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே, "கரண்டி லேசாயிடுச்சு, இப்ப வெடிக்கும்" என்றார். நான் டைமரைப் பார்த்தேன். 20 வினாடிக்குள் முதல் கொட்டை வெடித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் சொல்கிறார், தப்பவில்லை. கொட்டையில் ஈரம் போய், பருத்து, உள்ளே காற்றாகிவிடுவதைக் கரண்டிக் காம்பு வழியாகவே கண்டுபிடிக்கிறார். நானும் கரண்டியை வாங்கிப் பார்த்தேன். நாலு நாள் ஆகியும் எனக்கு அந்த எடை மாற்றம் பிடிபடவில்லை. கற்றுக்கொள்ளாமல் விடப்போவதில்லை.

ஆறவைக்க முறம்தான். புடைத்தால் தோலும் போகிறது, சூடும் 3 நிமிஷத்தில் இறங்கிவிடுகிறது. வறுத்த அன்றைக்கே ஃபில்டரில் போட்டால் பொடி உப்பி மேலே எழும்புகிறது, டிகாஷன் சரியாக இறங்குவதில்லை. கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேற நேரம் வேண்டும். மூடியைக் கொஞ்சம் தளர்வாக வைத்து ஒரு நாள் விட்டு அரைத்தால் சரியாகிறது. சிக்கரி சேர்க்கவில்லை. கடையில் 31 வருஷமும் டீ மட்டுமே குடித்த அப்பா இப்போது காலையில் காபி கேட்கிறார்.

அடுத்து செர்ரி ரகம் 1 கிலோ வருகிறது. பழத்தோலோடு காயவைத்த கொட்டை என்பதால் நிறம் சீராக இருக்காது என்கிறார் எஸ்டேட்காரர். அதை மண்சட்டியில் பாதியும் வெறும் இரும்புச் சட்டியில் பாதியும் வறுத்து ஒப்பிடப் போகிறோம். வடமராட்சி அக்கா, கலவை நிறத்தில்தான் ருசி என்றீர்களே, அதைச் சோதிக்க இது நல்ல கொட்டை. மல்லியும் வேர்க்கொம்பும் எந்த அளவு என்று சொல்லுங்கள். வேர்க்கொம்பு என்றால் சுக்குதானே?

வடமராட்சிப் பெண்:

ஓம் தம்பி, சுக்குத்தான். கால் கிலோ கோப்பிக்கு மல்லி 50 கிராம், வேர்க்கொம்பு பெருவிரல் அளவு ஒரு துண்டு. வேர்க்கொம்பை முதலில் தனியாகத் தட்டி உடைத்துவிட்டு வறுங்கள், இல்லாவிட்டால் உள்ளே சூடு போகாது, உரலிலும் நார் நாராய் நிற்கும். பால் விடாமல், சீனி போட்டுக் குடியுங்கள். அப்பாவுக்கும் அப்படியே கொடுங்கள்.

அப்பாவின் அந்தக் கரண்டிக் கதையை எங்கட அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கரண்டி மட்டுமில்லை, தாச்சியிலை பிரட்டேக்கை சத்தமும் மாறும், சரசர எண்டது கலகல எண்டு வரும், அதையும் கேக்கச் சொல்லு" என்றா.

மணல்சட்டி (சேலம்):

அக்கா, இன்று காலை கேட்டுப் பார்த்தேன். பத்தாவது நிமிஷத்தில் சத்தம் மாறியது.